இருபத்தைந்து ரூபாய் ஊறுகாய்



ரயில்வேயில் பாதை பராமரிப்புப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ரயிலே ஓடாத இந்தத் தீவுக்கு மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவன் நான். டாலிகஞ்சில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் 'ரயில் தாத்தா'. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும்படி ஒரு பாடம் எழுதித் தாருங்கள் என்று பத்திரிகைக் குழுவினர் கேட்டார்கள். நான் படித்தது டிப்ளமா. சட்டம் படித்தவன் அல்லன். ஆனாலும் ஒரு ஹோட்டலில் பணமும் கொடுத்து, மனமும் நொந்து, கடைசியில் நானே தவறும் செய்துவிட்டு வந்த ஒரு நாளிலிருந்து சில விஷயங்களைத் தெரிந்துகொண்டேன். அவற்றை வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

1. அன்று நடந்தது

என் மனைவிக்கு அறுபது வயது நிறைந்த நாள். சம்பந்தி வீட்டாரையும் சேர்த்து ஒன்பது பேர். வீட்டில் யாரும் அடுப்படியில் நிற்க வேண்டாம் என்று நான்தான் ஹோட்டலுக்கு ஏற்பாடு செய்தேன். ஊர் பெயரும் கடை பெயரும் இங்கே வேண்டாம். முதல் நாளே தொலைபேசியில் ஒன்பது சைவச் சாப்பாடு, பாயசத்தோடு, பகல் ஒரு மணிக்கு என்று சொல்லியிருந்தேன். சரி என்றார்கள்.

ஒரு மணிக்குப் போனோம். உட்கார இடம் கிடைத்தபோது மணி ஒன்று நாற்பது. ஆறு இலைக்குக் கூட்டு, பொரியல் எல்லாம் வந்தன. மற்ற மூன்று பேருக்குச் சோறும் ஆறிப்போன சாம்பாரும்தான். பாயசம் கேட்டதற்கு "தீர்ந்துபோச்சு" என்று பதில் வந்தது. கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் 1782 என்று மட்டும் எழுதி மேசையில் வைத்தார்கள். சாப்பாடு ஒன்று 180 ரூபாய் என்றால் ஒன்பதுக்கு 1620 தானே, மீதி என்ன என்று கேட்டேன். சேவைக் கட்டணமாம், நூற்றுக்குப் பத்து.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்றது பரிமாறிய பையன். இருபது வயது இருக்கும். நம் பக்கத்துப் பையன்தான், ராமநாதபுரத்துப் பேச்சு. நாலு மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவனைத் திட்டித் தீர்த்தேன். பணத்தையும் சீட்டையும் மேசையில் வீசிவிட்டு வெளியே வந்தேன்.

வண்டியில் ஏறியதும் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "சமைச்சதும் அவன் இல்லை, கணக்குப் போட்டதும் அவன் இல்லை. அவனைப் போய்த் திட்டிட்டு வர்றீங்களே." பின்னால் இருந்த பேத்தி கேட்டாள், "தாத்தா, அந்த அண்ணா அழுதாரா?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு எல்லோரும் தயிர்ச்சோறும் ஊறுகாயும் சாப்பிட்டுப் படுத்தோம். அவளுடைய அறுபதாவது பிறந்த நாள் இப்படித்தான் முடிந்தது.

2. பாதையில் கற்ற பாடம்

ரயில்வேயில் ஓர் இடத்தில் தண்டவாளம் விலகியிருக்கிறது என்றால் நாங்கள் என்ன செய்வோம்? யாரையும் திட்டுவதில்லை, முதலில் அளப்போம். அகலப் பாதையின் அளவு 1676 மில்லிமீட்டர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இருக்க வேண்டியது எவ்வளவு, இப்போது இருப்பது எவ்வளவு, செய்ய வேண்டியது என்ன என்று மூன்றையும் எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுவோம். இந்த மூன்றும் இல்லாத அறிக்கையை மேலதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். கோபமாக எழுதிய அறிக்கை எதுவும் தண்டவாளத்தை நேராக்கியதில்லை.

பயணிகளின் புகாருக்கும் இதே முறைதான். ஸ்டேஷன்களில் புகார்ப் புத்தகம் இருக்கும். பயணி கேட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் எழுதிய புகாருக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. வாயால் போட்ட சத்தம் பிளாட்பாரத்திலேயே கரைந்துவிடும். எழுதிய நாலு வரி கோட்ட அலுவலகம் வரை போகும்.

முப்பத்தாறு ஆண்டுகள் இதையே செய்த நான் ஹோட்டலில் என்ன செய்தேன்? அளக்கவில்லை, எழுதவில்லை. கையில் இருந்த ஒரே சான்றான அந்தச் சீட்டையும் வீசிவிட்டு வந்தேன். சில மாதம் கழித்து விழுப்புரத்துச் செய்தியைப் படித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

3. விழுப்புரத்து வழக்கு

2022 நவம்பரில் விழுப்புரத்தில் ஒருவர் தம் உறவினரின் நினைவு நாளில் முதியோருக்கு உணவளிக்க விரும்பினார். ஒரு ஹோட்டலில் சாப்பாடு என்ன விலை, என்னென்ன தருவீர்கள் என்று முதலில் விசாரித்தார். பார்சல் சாப்பாடு ஒன்று 80 ரூபாய். பதார்த்தங்களின் பட்டியலும் இருந்தது. அதில் ஊறுகாயும் ஒன்று. 25 சாப்பாட்டுக்கு 2000 ரூபாய் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டார்.

பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றிலும் ஊறுகாய் இல்லை. கடைக்குப் போய், ஊறுகாய் ஒன்றுக்கு 1 ரூபாய் வீதம் 25 ரூபாயைத் திருப்பித் தரும்படி கேட்டார். கடைக்காரர் மறுத்தார். அவர் சண்டை போடவில்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனார்.

2024 ஜூலையில் உத்தரவு வந்தது. தருவதாகச் சொன்ன பொருளைத் தராதது சேவைக் குறைபாடு என்று ஆணையம் முடிவு செய்தது. மன உளைச்சலுக்கு 30,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாய், ஊறுகாய்க்கு 25 ரூபாய் என்று கணக்குப் போட்டு, 45 நாளுக்குள் கொடுக்கும்படி கடைக்கு உத்தரவிட்டது.

செய்தியைப் படித்த பலர் சிரித்தார்கள். ஊறுகாய்க்கு 35,000 ரூபாயா என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர் நினைவாக இலையில் வைக்கும் சாப்பாட்டில் ஒன்று குறைந்தால் வீட்டாருக்கு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். என் மனைவியின் இலையில் பாயசம் இல்லாதபோது எனக்கு எப்படி இருந்ததோ, அப்படித்தான் அவருக்கும் இருந்திருக்கும். அவர் என்னைவிடக் கோபக்காரராகக்கூட இருக்கலாம். ஆனால் அவரிடம் பட்டியல் இருந்தது, சீட்டு இருந்தது, கேட்ட தொகை இருந்தது. இருக்க வேண்டியது, இருந்தது, செய்ய வேண்டியது என்ற மூன்றும் அவர் கையில் இருந்தன. என்னிடம் இருந்தது கோபம் ஒன்றுதான்.

4. சட்டம் என்ன சொல்கிறது?

வாங்குபவருக்கும் உரிமை உண்டு என்ற பேச்சு உலக அளவில் வலுப்பெற்றது 1962 மார்ச் 15 அன்று, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தம் நாட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்திக்குப் பிறகு. அந்த நாளைத்தான் உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்குப் பதிலாக 2019ல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அது நம் அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் பொருந்தும். ஹோட்டலில் சாப்பிடுகிற நமக்கு வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

அ) தருவதாக ஒப்புக்கொண்ட சேவையின் தரத்திலோ, தன்மையிலோ, செய்யும் விதத்திலோ குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு.

ஆ) பொருளுக்கோ சேவைக்கோ பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே பில் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இ) கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

ஈ) நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

உ) புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலோ, வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள ஆணையத்திலேயே செய்யலாம். இது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. விடுமுறைக்குச் சென்னை போனபோது நடந்ததற்கு, இங்கே வந்து புகார் கொடுக்கலாம். கப்பலேறித் திரும்பப் போக வேண்டியதில்லை.

சேவைக் கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஹோட்டல்காரர் தாமாகவே பில்லில் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் போயின. ஜி.எஸ்.டி. என்பது அரசாங்க வரி. சேவைக் கட்டணம் வரி அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மனம் நிறைந்து பரிமாறியவருக்கு நாம் கொடுக்கும் அன்பளிப்பு வேறு. அது நம் விருப்பம்.

5. குறை எது, மனக்குறை எது?

எல்லா ஏமாற்றமும் புகார் ஆகாது. இதில் நாமும் நியாயமாக நடக்க வேண்டும்.

ரசத்தில் காரம் கூடுதல், நம் வீட்டுச் சாம்பார் மாதிரி இல்லை என்பதெல்லாம் மனக்குறை. ருசியை அளக்க அளவுகோல் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை அங்கே போகாமல் இருக்கலாம்.

இந்தத் தீவுகளில் இன்னொன்றும் உண்டு. வெங்காயம், உருளைக்கிழங்கு முதல் பல சாமான்கள் கப்பலில்தான் வருகின்றன. மழைக்காலத்தில் கப்பல் தாமதமானால் விலை ஏறும். சில காய்கள் கிடைக்காது. 'இன்று அவியல் இல்லை' என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் அது குறை ஆகாது. சொல்லாமல் முழுப் பணமும் வாங்கினால்தான் குறை.

தண்ணீர் பாட்டில் விஷயத்திலும் பலர் சண்டை போடுகிறார்கள். ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது தரும் பாட்டில் தண்ணீருக்கு, அதில் அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாக வாங்குவது குற்றமாகாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடம், மேசை, பரிமாறுதல் எல்லாம் அதில் சேர்ந்தவை என்பது காரணம். விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்பதே நல்லது.

கெட்டுப்போன உணவு என்றால் அது வேறு விஷயம், உடல்நலம் சம்பந்தப்பட்டது. உடனே நிறுத்திவிட்டு, கடைப் பொறுப்பாளரை அழைத்துக் காட்டி, படம் எடுத்து வைக்க வேண்டும். உடம்புக்கு ஏதாவது செய்தால் டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கி வைக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையிலும் புகார் கொடுக்கலாம். ஹோட்டலின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை 2022 ஜனவரி முதல் பில்லிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. பில்லை வாங்கி வைக்க இதுவும் ஒரு காரணம்.

6. படிப்படியாகச் செய்ய வேண்டியது

முதல் படி: முன்பதிவு செய்யும்போது எத்தனை பேர், என்னென்ன பதார்த்தம், என்ன விலை, எத்தனை மணி என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி போதும். 'சரி' என்று அவர்கள் அனுப்பும் பதில்தான் உங்கள் அளவுகோல்.

இரண்டாம் படி: குறை கண்ட உடனே, சாப்பிட்டு முடிப்பதற்கு முன்பே சொல்லுங்கள். பரிமாறுபவரிடம் சொல்வதோடு நில்லாமல் கல்லாவில் இருப்பவரிடம் போய், குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். பெரும்பாலான குறைகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: விவரம் பிரித்து எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகை மட்டும் போட்ட துண்டுச் சீட்டை ஏற்க வேண்டாம். கேட்காத கட்டணம் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

நான்காம் படி: அப்படியும் தீரவில்லை என்றால் வீட்டுக்கு வந்து அன்றே முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். தமிழிலும் பேசலாம். அவர்கள் கடைக்காரரோடு தொடர்பு கொண்டு சமரசத்துக்கு முயல்வார்கள்.

ஆறாம் படி: கடைசியாக மாவட்ட ஆணையம். 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட இ-ஜாக்ரிதி இணையத் தளம் வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பொறுமை வேண்டும். விழுப்புரத்துக்காரருக்கே ஏறக்குறைய இருபது மாதம் ஆயிற்று.

7. மாதிரிக் கடிதம்

அன்று நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

'ஐயா, வணக்கம். இன்று பகல் 1 மணிக்கு 9 சைவச் சாப்பாடு, பாயசத்துடன், நேற்றே தொலைபேசியில் முன்பதிவு செய்திருந்தேன். 1.40க்குத்தான் இடம் கிடைத்தது. 3 பேருக்குக் கூட்டும் பொரியலும் வரவில்லை. ஒருவருக்கும் பாயசம் இல்லை. 9 சாப்பாட்டுக்கு 1620 ரூபாயும், நான் ஒப்புக்கொள்ளாத சேவைக் கட்டணம் 162 ரூபாயும் வாங்கப்பட்டன. பில் நகல் இணைத்துள்ளேன். சேவைக் கட்டணம் 162 ரூபாயும், 3 சாப்பாட்டுக்குப் பாதித் தொகை 270 ரூபாயும், ஆக 432 ரூபாய் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன். 15 நாளில் பதில் எதிர்பார்க்கிறேன். பரிமாறிய ஊழியர் மீது எனக்குப் புகார் இல்லை.'

இதில் ஒரு வசைச் சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 'வாழ்நாளில் இப்படி ஒரு ஹோட்டலைப் பார்த்ததில்லை' என்ற வகை வாக்கியமும் இல்லை. எண்களே போதும். கடைசி வரியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். அது ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

8. எனக்கு மிச்சமிருக்கும் கடன்

விழுப்புரத்துச் செய்தியைப் படித்த அடுத்த வாரம் அந்த ஹோட்டலுக்குத் தனியாகப் போனேன். முதலாளி கல்லாவில் இருந்தார். நடந்ததை நிதானமாகச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். போன் எடுத்தவர் அடுப்படிக்குச் சொல்லலை போல. எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றார். பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். என்னிடம் சீட்டு இல்லை, நான் வாங்கவில்லை. முன்பதிவை இனி ஒரு நோட்டில் எழுதி அடுப்படியில் தொங்கவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். சரி என்றார்.

பிறகு அந்தப் பையனைப் பார்க்க வேண்டும் என்றேன். அவன் வேலையை விட்டு, கப்பலேறி ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டதாம்.

நாமெல்லாம் பிழைக்க வந்த ஊர் இது. நம்மில் பலருடைய அப்பாவோ தாத்தாவோ இப்படித்தான் தெரிந்தவர் ஒருவரின் முகவரியோடு வந்து இறங்கி, கிடைத்த வேலையில் நின்றிருப்பார்கள். பரிமாறுபவர் கடைக்கும் நமக்கும் நடுவில் நிற்கிறவர். சமையல் தாமதமும் கல்லாவின் கணக்கும் அவர் கையில் இல்லை. ஆனால் முதல் அடி அவர் மேல்தான் விழுகிறது. உரிமையைக் கேளுங்கள்; கேட்க வேண்டியவரிடம் கேளுங்கள். எனக்கு வர வேண்டிய 432 ரூபாய் போனதில் வருத்தமில்லை. அந்தப் பையனுக்கு நான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை மட்டும் சொல்லப்படாமலே இருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. விழுப்புரத்து வழக்கில் 'இருக்க வேண்டியது', 'இருந்தது', 'செய்ய வேண்டியது' என்ற மூன்றையும் தனித்தனியே எழுதுக.

2. பின்வருவனவற்றில் புகார் எது, மனக்குறை எது? (அ) தோசை கனமாக இருந்தது. (ஆ) மூன்று தோசை கேட்டேன், இரண்டு வந்தது, மூன்றுக்குப் பணம் வாங்கினார்கள். (இ) பில் கேட்டேன், தர மறுத்தார்கள்.

3. சாப்பாடு ஒன்று 150 ரூபாய்; 6 பேர்; பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் எந்தத் தொகையை எடுத்துவிடச் சொல்வீர்கள்?

4. அடுத்த முறை வீட்டாரோடு ஹோட்டலுக்குப் போகும்போது பில்லை வாங்கி, அதில் உரிம எண் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

5. உங்களுக்குப் பரிமாறியவர் ஊர் எது என்று கேட்டு, நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். இதற்கு மதிப்பெண் இல்லை, ஆனாலும் செய்யுங்கள்.